ஊசி போட்டவள் ஏன் தள்ளிப் போய் நின்றாள்?

ஜூன் 14. மும்பை சயானிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து சில வருஷம் ஆகிறது. இப்போது முதுகுவலி. டாக்டர் எலும்பு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார், நேற்று பரேலில் எடுத்தோம். சிரிஞ்சையே ஏதோ கனமான உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஊசி போட்ட பெண் அரை நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டு அங்கிருந்தே பேசினாள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மூன்று மணி நேரம் கழித்துக் கூப்பிடுகிறோம், இன்றைக்குக் குழந்தைகளை மடியில் வைக்காதீர்கள் என்றாள். அவளே பயந்து ஒதுங்குகிற மருந்தை என் அம்மா உடம்பில் ஏற்றலாமா? இதையெல்லாம் முன்னாடியே ஏன் யாரும் சொல்லவில்லை? அம்மா நேற்றிலிருந்து பேத்தியைக் கிட்டவே சேர்க்கவில்லை. குழந்தை அழுகிறது.

ஜூன் 14, இரவு

முதலில் பேத்தியை அம்மாவிடம் கொடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

கொடுத்தாயிற்றா? சரி. இந்த ஊரில் நியூக்ளியர் மெடிசினில், அதாவது கதிர்வீசும் மருந்தை உடம்பில் ஏற்றிப் படம் எடுக்கும் பிரிவில், டெக்னாலஜிஸ்ட்டாக வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள் நான். ஊசி போட்ட கையோடு வாசலுக்குப் போய் நிற்பது எனக்கும் பழக்கம்தான். உங்கள் அம்மாவுக்கு அது ஒரு ஊசி. அவளுக்கு அன்றைக்கு அது எத்தனையாவது என்று அவளுக்கே தெரியாது. நாளைக்கும் அதே வேலை, அடுத்த வருஷமும் அதே வேலை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஐந்து நிமிஷம் நின்று பேசினால் வருஷக் கடைசியில் அவள் வாங்கிய கதிரின் கணக்கு ஏறிவிடும். சீக்கிரம் முடி, தள்ளி நில், நடுவில் ஈயம் வை என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளிப் போனாலே கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் அவளுக்கு வாசல் அவ்வளவு பிடிக்கிறது.

போட்டது டெக்னீஷியம்-99எம். எலும்புக்குப் போகிற ஒரு பாஸ்பேட் மருந்தோடு சேர்த்துப் போடுவார்கள். எலும்பு எங்கே வேகமாக உடைந்து கட்டப்படுகிறதோ அங்கே அது கூடுதலாகப் போய் ஒட்டும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். காலை 10 மணிக்குப் போட்டது மறுநாள் காலை 10 மணிக்கு 16-ல் ஒரு பங்கு. நேற்று போட்டதற்கு இன்றைக்குப் பேத்தியைத் தள்ளிவைக்க ஒரு காரணமும் இல்லை.

ஜூன் 15

"ஏன் முன்னாடியே சொல்லவில்லை" என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பதில் கிடையாது. அப்பாயிண்ட்மென்ட் கொடுக்கும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் மராத்தி. தாராவியிலிருந்து வருகிற நம் ஊர்ப் பாட்டி அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். கவுன்ட்டரில் பணம் கட்டும் வரிசை நீளமாக இருக்கும், யாரும் விளக்க மாட்டார்கள். ஊசி அறைக்குள் வந்த பிறகுதான் "குழந்தையைத் தூக்காதீங்க" என்று தூரத்திலிருந்து ஒரு குரல் வரும். அந்த நேரத்தில் அதைக் கேட்டால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸ்-ரே மெஷினிலிருந்து கதிர் வரும், இந்த ஸ்கேன் எடுக்கும் கேமராவிலிருந்து எதுவும் வராது. கதிர் உங்கள் உடம்பிலிருந்து வருகிறது, கேமரா அதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். பத்து நிமிஷம் படுத்தாலும் நாற்பது நிமிஷம் படுத்தாலும் உடம்புக்குக் கிடைக்கும் அளவு ஒன்றே. அதனால் "இன்னொரு படம் எடுக்கணும், உள்ளே வாங்க" என்றால் கூடுதல் கதிர் என்று பயப்பட வேண்டாம். கூடவே சிடி எடுத்தால் மட்டும் அதன் பங்கு தனியாகச் சேரும்.

ஊசி மருந்து சிரிஞ்சில் ஏறியபோதே அளவு முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு நோயாளி கையில் இருப்பது ஒன்றுதான்: அந்த அளவுக்கு உருப்படியான படம் கிடைக்கிறதா, இல்லை வீணாகிறதா என்பது. என்னிடம் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். கதிரைப் பற்றி நூறு கேள்வி கேட்பவர்கள், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மட்டும் மறைத்துவிடுவார்கள்.

ஜூன் 15, மதியம்

ஊசி போடுகிறவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் பட்டை பற்றிக் கேட்கிறார் ஒருவர். டி.எல்.டி. பேட்ஜ். அது எதையும் தடுக்காது, எவ்வளவு கதிர் பட்டது என்று பதிந்து வைக்கும்.

ஜூன் 18

காட்கோபரிலிருந்து ஒருவர் கணக்கோடு வந்திருக்கிறார். பொதுமக்களுக்கு வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்தான் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு அது) எல்லை என்று படித்தாராம். எலும்பு ஸ்கேன் ஒன்றுக்கே சுமார் 4, இதேபோல் ஊசி போட்டு எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு சுமார் 7, சிடி சேர்ந்தால் அதற்கும் மேலே. அப்படியானால் ஆஸ்பத்திரி சட்டத்தை மீறுகிறதா என்று கேட்கிறார்.

மீறவில்லை. அந்த 1 மில்லிசீவர்ட், யாரோ செய்யும் வேலையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லாமல் வந்து விழும் கதிருக்கு. என் போன்ற ஊழியர்களுக்கு இங்கே 5 வருஷத்தில் 100, எந்த ஒரு வருஷத்திலும் 30-க்கு மேல் போகக்கூடாது. நோயாளிக்கு இப்படி ஓர் உச்சவரம்பு வைக்கவில்லை, ஏனென்றால் பயனும் அவருக்கே வருகிறது. வரம்புக்குப் பதிலாக, இந்த ஸ்கேன் தேவையா, தேவை என்றால் நல்ல படத்துக்குப் போதுமான அளவைத் தாண்டாமல் போடுகிறோமா என்று டாக்டர்கள் பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: மண், பாறை, காற்று, சாப்பாடு, வானம் எல்லாவற்றிலிருந்தும் மனிதனுக்கு இயற்கையாக வருவது உலக சராசரியில் வருஷத்துக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட்.

எனவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த ஸ்கேனில் ஒன்று தெரிந்தால் வைத்தியத்தில் எதை மாற்றுவீர்கள்?" பதில் தெளிவாக வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். "எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று இழுத்தால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் பெட் ஸ்கேனையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று நல்ல ஆரோக்கியமான மனிதர் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். தீபாவளி போனஸ் வந்த சமயம் அது.

ஜூன் 19

இதய ஸ்கேனுக்கு வருகிற நம் ஆட்களைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இதயத்துக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் ஸ்கேனில், ஓட முடியாதவர்களுக்கு அடினோசின் போன்ற மருந்தைக் கொடுத்து ரத்தக்குழாய்களை விரிய வைப்போம். காபியில், டீயில் இருக்கும் கஃபீன் அந்த மருந்தைத் தடுத்துவிடும். குழாய் விரியாது, அடைப்பு இருந்தாலும் படம் நன்றாக இருப்பது போலத் தெரியும். அதனால் முந்தைய நாளிலிருந்தே காபி, டீ, கோலா, சாக்லேட் கூடாது. கஃபீன் சேர்ந்த தலைவலி மாத்திரையும் கூடாது.

மாட்டுங்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் ஃபைல், எல்லா ரிப்போர்ட்டும் தேதி வாரியாக அடுக்கியிருந்தது. காபி குடித்தீர்களா மாமா என்றேன். "இல்லவே இல்லை" என்றார். கூட வந்த மாமி கூரையைப் பார்த்தார். நான் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பெரியவரே, "அரை டம்ளர்தான்மா. அதுவும் இரண்டாம் டிகாக்‌ஷன்" என்றார். திருப்பி அனுப்பினோம். கோபித்துக்கொண்டுதான் போனார், ஆனால் மறுபடி வந்தபோது மாமியே முந்திக்கொண்டு "நேத்து காலையிலேர்ந்து கிடையாது" என்று சாட்சி சொன்னார்.

அதே ஸ்கேனில் ஊசி போட்ட பிறகு கொழுப்புள்ளதாக ஏதாவது சாப்பிடச் சொல்வார்கள். மருந்து கல்லீரலிலும் பித்தப்பையிலும் தங்கி இதயத்தின் படத்தை மறைக்கும், கொழுப்பு உள்ளே போனால் பித்தம் வடிந்து அது விலகும். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வந்தவரை வடா பாவ் தின்னச் சொல்கிறார்களே என்று குழம்பாதீர்கள். அன்றைக்கு ஒரு நாள் அதுவும் பரிசோதனையில் சேர்த்தி.

ஜூன் 24

இந்த டெக்னீஷியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் செம்பூர்க்காரராம். உங்கள் வீட்டிலிருந்து ட்ராம்பே பக்கம்தானே! 1956-ல் அங்கே அப்சரா அணு உலை ஓட ஆரம்பித்தது. பிறகு சைரஸ், துருவா. மருத்துவ ஐசோடோப்புகள் பலவற்றுக்கு அந்த வளாகம்தான் நம் நாட்டில் தாய்வீடு. மருந்துக் கிட்டுகளையும் ஜெனரேட்டர்களையும் கொடுக்கும் பிரிட் என்ற அரசு அமைப்பு வாஷியில் இருக்கிறது.

ஆறு மணி நேரத்தில் பாதியாகிற பொருளைக் கடையில் வாங்கி அடுக்கி வைக்க முடியாது. அதனால் அதன் தாயான மாலிப்டினம்-99-ஐ ஒரு சிறு ஈயக் கோட்டைக்குள் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதுதான் ஜெனரேட்டர். அது பாதியாக 66 மணி நேரம் ஆகும். அது சிதையச் சிதைய டெக்னீஷியம் ஊறிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் உப்புநீரை உள்ளே விட்டுக் கறப்போம். ஆமாம், கறப்பது என்றுதான் சொல்வோம். வாரத் தொடக்கத்தில் நிறையக் கிடைக்கும், வெள்ளி சனியில் குறையும்.

2009-ல் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதாகி நின்றபோது உலகம் முழுக்க மாலிப்டினம் தட்டுப்பாடு. எங்கோ ஒரு கிழட்டு உலை நின்றால் இன்னொரு கண்டத்தில் எலும்பு ஸ்கேன் தள்ளிப்போகும். அவசரம் யாருக்கு, காத்திருக்கக் கூடியவர் யார் என்று பட்டியலை வைத்துக்கொண்டு டாக்டர்கள் அடித்துத் திருத்துவார்கள். போனில் தேதி மாற்றிச் சொல்லித் திட்டு வாங்குவது எங்கள் வேலை.

ஜூலை 2

மழை கொட்டுகிறது. பரேல் பக்கம் ஹிந்த்மாதாவில் சாலையெல்லாம் தண்ணீர். பெட் ஸ்கேன் பிரிவில் இருப்பவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும்.

பெட் ஸ்கேனுக்குப் போடும் எஃப்.டி.ஜி. ஒரு வகைச் சர்க்கரை. அதில் ஒட்டியிருக்கும் ஃபுளோரின்-18, 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி மெஷினில் செய்து வேனில் ஏற்றி அனுப்புவார்கள். நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-ல் இதே பரேலில்தான் வந்தது, கதிர் மருத்துவ மையத்தில். காலை 7 மணிக்கு 20 மில்லிக்யூரி (மருந்தின் வீரியத்தை அளக்கும் அலகு) இருந்தால் 8.50-க்கு 10, 10.40-க்கு 5. வேன் தாதர் மேம்பாலத்தில் நின்றுகொண்டிருக்கும், உள்ளே மருந்து தேய்ந்துகொண்டிருக்கும். இங்கே ராத்திரியிலிருந்து பட்டினி கிடக்கிற நோயாளிகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அசிடிட்டி, எங்களுக்கு டென்ஷன். யாருக்கு முதலில் போடுவது என்று அந்த நேரத்தில்தான் முடிவாகும். பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளும் குழந்தைகளும் முன்னால் போவார்கள்.

ஒருவர் வராமல் போனால் அவருக்கான டோஸ் அங்கேயே செத்துப்போகும், ஃப்ரிட்ஜில் வைத்து நாளைக்குப் போட முடியாது. வர முடியாவிட்டால் முந்தைய நாளே போன் பண்ணுங்கள்.

தயாரிப்பும் அந்தச் சர்க்கரையை ஒட்டியதுதான். நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். வழியில் ஒரு கட்டிங் சாய் கூடக் கூடாது. ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் பல மையங்களில் அன்றைக்கு எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையும் ஊசியில் போகும் சர்க்கரையும் ஒரே வாசலுக்குப் போட்டி போடும். இன்சுலின் போட்டுவிட்டு உடனே வந்தால் மருந்து முழுக்கத் தசைக்குப் போய்விடும். மெட்ஃபார்மின் குடலைப் பளிச்சென்று காட்டும், அதை நிறுத்தணுமா என்று மையத்திலேயே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். முந்தைய நாள் ஜிம், ஓட்டம் எல்லாம் வேண்டாம்.

ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இந்த ஊரில் அதைவிடக் கஷ்டமான வைத்தியம் கிடையாது. வேலை செய்கிற தசை எதுவோ அது சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். குட்கா மென்றவருக்குத் தாடை பளிச்சென்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுத் தோத்திரம் சொன்ன அம்மாவுக்குக் குரல்வளை ஒளிர்ந்தது. மனசுக்குள் சொல்லுங்கள் அம்மா, சாமிக்குக் கேட்கும் என்று மாவ்ஷி (எங்கள் ஆயா) மராத்தியில் சொன்னார், அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குளிர் எடுத்தால் கம்பளி கேளுங்கள். குளிரில் கழுத்துப் பக்கக் கொழுப்பும் சர்க்கரையை இழுக்கும், அது நிணநீர்க் கட்டியோ என்று சந்தேகம் கிளப்பும்.

ஜூலை 3

டெல்லியிலிருந்து இதே துறை டாக்டர் ஒருவர் ஜூன் 14 குறிப்பைப் படித்துவிட்டு, 16-ல் ஒரு பங்கு என்பது சிரிஞ்சில் இருப்பதற்கான கணக்கு, உடம்பில் அதைவிட வேகமாகக் குறையும் என்கிறார். சரிதான். எலும்பில் ஒட்டாதது சிறுநீரகம் வழியாகப் போய்விடும். அதற்காகத்தான் தண்ணீர் குடி, சிறுநீர் போ என்று விரட்டுகிறோம். படமும் தெளிவாகும், சிறுநீர்ப்பைக்கும் சுமை குறையும்.

அந்தத் தண்ணீர் விஷயத்திலும் ஒன்று சேர்க்கிறேன். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இதயம் பலவீனமாகித் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் லிட்டர் கணக்கில் குடிக்கக் கூடாது. ஊசி அறையில் எல்லாருக்கும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். நீங்கள்தான் "எனக்குத் தண்ணீர் இவ்வளவுதான்" என்று சொல்ல வேண்டும்.

கழிப்பறையில் ஆண்களும் அன்றைக்கு உட்கார்ந்தே போங்கள், இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ணுங்கள், கையை நன்றாகக் கழுவுங்கள். பேன்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் படத்தில் தொடை எலும்பில் ஒரு புள்ளியாக நிற்கும். அதை உண்மையான புள்ளி என்று நினைத்து ஒரு குடும்பம் ஒரு மணி நேரம் அழுதது எனக்குத் தெரியும். உடை மாற்றி மறுபடி எடுத்தோம், புள்ளி காணாமல் போயிற்று.

ஜூலை 3, இரவு

சயான் தம்பிக்கு: மார்பில் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் ஊசி போட விடாதீர்கள். மறுகையை நீட்டச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள்.

ஜூலை 8

பெட் ரிப்போர்ட்டில் எஸ்.யு.வி. (ஓர் இடம் மருந்தை எவ்வளவு இழுத்தது என்று காட்டும் எண்) 6.2 என்று இருக்கிறது, போன தடவை 5.1, நோய் கூடிவிட்டதா என்று ஒருவர். இரண்டும் வேறு வேறு மையத்தில் எடுத்தவை. ஊசிக்கும் படத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம், அன்றைக்குச் சர்க்கரை எவ்வளவு, எந்த மெஷின் என்று எல்லாவற்றுக்கும் அந்த எண் ஆடும். ஒப்பிட வேண்டும் என்றால் முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், பழைய படங்கள் உள்ள டிஸ்க்கையும் கொண்டுபோங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமும் வேண்டும்.

அப்புறம், ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் கிடையாது. எஃப்.டி.ஜி.க்கு வேகமாகச் சர்க்கரை தின்னும் செல் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். காசநோய் புற்றுநோய் மாதிரியே ஒளிரும். மும்பையில் அது அபூர்வ நோயா என்ன? ஆறாத புண், நிமோனியா, சமீபத்தில் தோளில் போட்ட தடுப்பூசியால் அக்குளில் வீங்கிய கட்டி, எல்லாம் வரும். தடுப்பூசி எந்தக் கையில், எப்போது என்று ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். எலும்பு ஸ்கேனிலும் அப்படித்தான். பழைய எலும்பு முறிவும் மூட்டுத் தேய்மானமும் சொத்தைப் பல்லும் பளிச்சிடும். போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை ஏன் கேட்கிறார்கள் என்று எரிச்சல் படாதீர்கள்.

ஜூலை 11

நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்து குடியேறிய ஒருவர், "எங்க ஊரு மணலே கதிர் மணல்தானே" என்கிறார். ஆமாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம். கொல்லம் பக்கத்துக் கருநாகப்பள்ளியிலும் அதே மணல். அங்கே சில இடங்களில் இயற்கைக் கதிர் சராசரியைவிடப் பல மடங்கு. பல வருஷமாக மக்களைக் கணக்கெடுத்துப் பார்த்ததில், அந்தக் கதிரால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. இதை வைத்துக்கொண்டு ஸ்கேன் எத்தனை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. குறைந்த அளவிலும் சிறிய ஆபத்து உண்டு என்று வைத்துக்கொண்டுதான் விதிகளை எழுதியிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் வேலை செய்தேன்.

ஜூலை 12

கொஞ்சம் சிரிக்கலாம். உடம்புக்குள் ஒன்றை அனுப்பி அது போகிற பாதையைப் பார்ப்பதற்கு ஆதிகர்த்தா ஹெவிசி என்ற ஹங்கேரிக்காரர். 1911 வாக்கில் மான்செஸ்டரில் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மிச்சம் வைக்கிற கறியை அந்த அம்மா மறுபடி சமைத்துப் போடுகிறாரோ என்று சந்தேகம். தட்டில் மிஞ்சியதில் கொஞ்சம் கதிர்ப்பொருளைத் தூவிவிட்டு, பின்னால் வந்த உணவைக் கருவியால் சோதித்துக் கையும் களவுமாகப் பிடித்தார் என்று ஒரு கதை உண்டு. 1943-க்கான வேதியியல் நோபல் அவருக்கு. மெஸ் சாப்பாட்டுக்காக இல்லை.

கல்யாணத்துக்கு முன் நான் சாப்பிட்ட தாதர் மெஸ்ஸில் சாம்பாருக்கு இந்தச் சோதனை செய்திருந்தால் எனக்கும் ஏதாவது கொடுத்திருப்பார்கள்.

ஜூலை 20

கர்ப்பம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால், சந்தேகம் இருந்தால்கூட, ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். மாமியார் முன்னால் சொல்லத் தயங்குவார்கள் என்று தெரிந்து நான் "வெயிட் பார்க்கணும்" என்று தனியாகக் கூட்டிப்போய்க் கேட்பேன். கர்ப்பம் என்று தெரிந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடலாமா, கதிர் இல்லாத வேறு வழி உண்டா என்று டாக்டர் பார்ப்பார்.

துணைக்கு வருகிறவர்களும் கவனிக்க வேண்டும். அத்தைக்கு ஸ்கேன் என்று மாசமாக இருக்கிற மருமகள் ஆட்டோவில் ஒட்டி உட்கார்ந்து வருவார், கையில் இன்னொரு சின்னக் குழந்தை. அவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வேறு யாராவது வாருங்கள்.

பால் கொடுக்கிற அம்மாக்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும், ஏனென்றால் பதில் மருந்துக்கு மருந்து மாறும். டெக்னீஷியம் மருந்துகள் சிலவற்றுக்கு இடைவெளியே தேவைப்படாது, சிலவற்றுக்குச் சில மணி நேரம் கறந்து கொட்டச் சொல்வார்கள். எஃப்.டி.ஜி. பாலில் அதிகம் போகாது, மார்பிலேயே தங்கும், அதனால் சில மணி நேரம் குழந்தையை அணைத்துக்கொள்ளாமல் வேறு யாராவது பாலைப் புகட்டலாம். தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின்-131 என்றால் அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் அதோடு நிறுத்தம். முன்பே தெரிந்தால் பாலைக் கறந்து சேர்த்து வைக்கலாம்.

நான் மாசமாக இருந்தபோது தெரிவித்ததும் ஹாட் லேப்பிலிருந்து (கதிர்மருந்தைக் கையாளும் அறை) மாற்றி ரிப்போர்ட் அறையில் போட்டார்கள். பெரியவன் இப்போது வாஷியில் வேலை பார்க்கிறான். மூக்குக் கண்ணாடியைத் தவிர அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஜூலை 21

"டை ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்பவர்களுக்கு: அது சிடி கான்ட்ராஸ்ட். அயோடின் உள்ள மருந்து, நிறைய அளவில் ஏற்றுவார்கள், உடம்பு சூடேறும், சிறுநீரகம் சரியா என்று கிரியேட்டினின் பார்ப்பார்கள். நாங்கள் போடும் கதிர்மருந்து ஊசி வேறு. ஒன்றிரண்டு மில்லி, அதிலும் மருந்துப் பொருள் துளியூண்டு. சூடும் தெரியாது, அலர்ஜி மிக அபூர்வம். பெட்-சிடியில் சில சமயம் இரண்டையும் போடுவார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தைராய்டு ஸ்கேனுக்குப் போகிறவர்கள் சமீபத்தில் கான்ட்ராஸ்ட் சிடி எடுத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த அயோடினே தைராய்டை நிரப்பியிருக்கும், ஸ்கேனைச் சில வாரம் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

ஜூலை 29

என் வீட்டுக்காரரின் ஸ்கேனைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எஸ்.யு.வி. பற்றி மறுபடி கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

நுரையீரலில் ஒரு முடிச்சு. பெட் எடுக்கச் சொன்னார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் இல்லை, வேறொரு மையத்தில். ஊசி போகும்போதே "எரியுது" என்றிருக்கிறார். போட்ட பையன் "ஆச்சு அங்கிள், முடிஞ்சுது" என்று டேப்பை ஒட்டிவிட்டான். வெளியே வந்தவரின் முழங்கை மடிப்பு லேசாக வீங்கியிருந்தது. எனக்குப் பார்த்ததுமே புரிந்தது, மருந்தில் ஒரு பங்கு நரம்புக்கு வெளியே போயிருக்கிறது. படத்தில் முழங்கையில் ஒரு பெரிய கறுப்புத் திட்டு. ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டால், "இது சகஜம் மேடம்" என்றார்கள்.

சகஜம்தான். பெரும்பாலும் தோலுக்கு ஒன்றும் ஆகாது, மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் உடம்புக்குப் போய்ச் சேர்ந்த அளவு குறைந்தால் எஸ்.யு.வி.யும் குறைவாகக் காட்டும். அந்தக் குறைந்த எண்ணை நம்பி, சாதாரணம் என்று யாராவது விட்டிருந்தால்? எங்கள் டாக்டரிடம் நான் விஷயத்தைச் சொன்ன பிறகு அவர் எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு பயாப்சிக்கு அனுப்பினார். காசநோய். ஆறு மாச மாத்திரையில் சரியாயிற்று.

எரிந்தால், வீங்கினால் அந்த நொடியே சொல்லுங்கள். நிறுத்திவிட்டு வேறு நரம்பு பார்ப்பார்கள். சொன்னதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டில் வரவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வேறொன்றும் தோன்றியது. வாசலில் நின்று பேசும் பழக்கத்தை நான் இத்தனை வருஷம் நியாயப்படுத்திக்கொண்டே இருந்தேன், இங்கேயும் முதல் குறிப்பில் அதைத்தான் செய்திருக்கிறேன். கணக்கு சரிதான், மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் பேச வேண்டியதையெல்லாம் ஊசிக்கு முன்பே பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அப்போது கதிரே கிடையாதே. இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது படித்தால், அந்த இரண்டு நிமிஷத்தை முன்னால் செலவழியுங்கள்.

ஆகஸ்ட் 6

"எங்க சித்தியைத் தனி அறையில் பூட்டி வைத்தார்களே, உங்கள் பேச்சு அதோடு ஒத்துவரவில்லையே?" அது ஸ்கேன் இல்லை, சிகிச்சை. தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 அதிக அளவில் கொடுத்திருப்பார்கள். அது பாதியாக 8 நாள், தவிர அது செல்லைக் கொல்லும் பீட்டா கதிரையும் விடும், அதற்காகத்தான் கொடுப்பதே. அங்கே விதிகள் வேறு, வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் கடைப்பிடிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் உள்ளதைக் கேளுங்கள், இங்கே நான் எழுதியதை அதற்குப் பொருத்தாதீர்கள்.

2010-ல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடையில் நடந்த கதிர் விபத்தையும் ஒருவர் இழுக்கிறார். அது கோபால்ட்-60, பாதியாக ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும், உறையை உடைத்துக் கையில் எடுத்தார்கள். ஆறு மணி நேர டெக்னீஷியத்தோடு சேர்த்துப் பேசவே கூடாது.

ஆகஸ்ட் 9

மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர் ஒருவர், இதய ஸ்கேன் முடிந்த வாரத்திலேயே ஃப்ளைட். போகலாம். ஆனால் சில விமான நிலையங்களிலும் எல்லைச் சாவடிகளிலும் கதிரைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றன, மிகக் குறைந்த அளவுக்கும் கூவும். டெக்னீஷியம் என்றால் சில நாள்தான். இதயத்துக்குத் தாலியம்-201 போட்டிருந்தால் ஒரு மாதம் வரைகூட, அயோடின் சிகிச்சை என்றால் சுமார் மூன்று மாதம் வரைகூடக் கூவலாம். எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்று லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வைத்து செக்-இன் பண்ணிவிடாதீர்கள்.